நிழலின் கணக்கு

கோடைக்காலத்தில் தில்லியின் வெப்பநிலை என்று நாளேடுகளில் நாம் படிக்கும் எண் பெரும்பாலும் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவாகும் எண்ணே ஆகும். 2024 மே 29 அன்று அங்கே 46.8 பாகை செல்சியஸ் பதிவாயிற்று. அந்த எண்ணைப் படிக்கும்போது நம்மில் பலர் கவனிக்காத செய்தி ஒன்று உண்டு. வெப்பமானி வெயிலில் வைக்கப்படுவதில்லை. வெள்ளை வண்ணம் பூசிய, காற்றோட்டமுள்ள மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் அது வைக்கப்படுகிறது. உலகெங்கும் வானிலை நிலையங்களின் நடைமுறை இதுதான். ஆக, நாம் படிக்கும் 46.8 என்பது நிழலின் வெப்பம். நண்பகலில் கரிய தார்ச்சாலையின் மீது மிதிவண்டியில் செல்லும் ஒருவரின் உடல் உணரும் வெப்பத்தை எந்த நாளேடும் அச்சிடுவதில்லை.

சப்தர்ஜங் நிலையத்திலிருந்து மிதிவண்டியில் சென்றால் கால் மணி நேரம்கூட ஆகாத தொலைவில் இருக்கிறது சரோஜினி நகர். மலிவு விலைத் துணிக்கடைகளால் நாடெங்கும் பெயர் பெற்ற இடம். பணி மாற்றத்தில் சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ தில்லிக்கு வந்து சேரும் வங்கி ஊழியர் குடும்பங்கள் முதல் குளிர்காலத்துக்கான கம்பளி ஆடைகளை இந்தக் கடைத்தெருவில்தான் பேரம் பேசி வாங்குகின்றன. இந்த இதழின் வாசகர்களில் பலருக்கும் அந்த நினைவு இருக்கக்கூடும். ஆனால் கடைத்தெருவைக் கடந்து குடியிருப்புப் பகுதிக்குள் சென்றவர்கள் குறைவு. நாம் இங்கே பேசப்போவது அந்தக் குடியிருப்பின் சாலைகளையும், அச்சாலைகளின் ஓரத்தில் நின்ற, நிற்கிற மரங்களையும், அவற்றின் நிழலில் மிதிவண்டி மிதித்துச் செல்வோரையும் பற்றியே.

நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுப்பப்பட்ட குடியிருப்பு இது. அந்நாளில் இதன் பெயர் விநய் நகர். பின்னரே கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டது. இரண்டு மாடிகளுக்கு மேற்படாத வீடுகள், நடுவே புல்வெளி, குறுகிய உட்சாலைகள், அவற்றின் இருபுறமும் வேம்பும் அரசும் நாவலும். தில்லித் தமிழரின் வாழ்வோடு நெருங்கிய தொடர்புடைய வட்டாரமும்கூட. அருகிலுள்ள லட்சுமிபாய் நகரிலும் மோதி பாகிலும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இயங்குகின்றன. சற்றுத் தள்ளி இராமகிருஷ்ணபுரத்தில் மலை மந்திரும் தில்லித் தமிழ்ச் சங்கமும் இருக்கின்றன. இந்த இடங்களையெல்லாம் இணைக்கும் உட்சாலைகளில் ஒரு தலைமுறைத் தமிழ்க் குழந்தைகள் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மிதிவண்டியில் பள்ளிக்குச் சென்றார்கள். அந்தச் சாலைகள் மிதிவண்டிக்கென்று வடிவமைக்கப்பட்டவை அல்ல. எனினும் அகலம் குறைவாக இருந்ததால் ஊர்திகள் மெதுவாகச் சென்றன. மரங்கள் வளர்ந்திருந்ததால் நிழல் இருந்தது. மிதிவண்டிக்கு வேண்டியவை பெரும்பாலும் இவ்விரண்டே.

2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர், தியாகராஜ் நகர், கஸ்தூர்பா நகர், சீனிவாசபுரி, முகமத்பூர் ஆகிய ஏழு குடியிருப்புகளின் பழைய வீடுகளை இடித்துவிட்டு அடுக்குமாடிகள் கட்டுவது அத்திட்டம். 12,970 வீடுகள் இருந்த இடத்தில் 25,667 வீடுகள் வரும். மதிப்பீடு 32,835 கோடி ரூபாய். செலவின் பெரும்பகுதியை வணிக வளாகங்களின் விற்பனை மூலம் ஈட்டுவது என்பது ஏற்பாடு. தலைநகரில் அரசு ஊழியர்களுக்கு வீட்டுப் பற்றாக்குறை கடுமையாக இருந்தது. பழைய வீடுகள் பல சிதைந்த நிலையில் இருந்தன. ஆகவே வீடு கட்டும் எண்ணத்தைக் குறை சொல்வதற்கில்லை. அந்த வீடுகளுக்காகக் காத்திருந்தவர்களில் நம்மவர்களும் உண்டு.

சிக்கல் எழுந்தது மரங்களில். ஏழு குடியிருப்புகளிலும் வெட்டப்படவிருந்த மரங்கள் ஏறத்தாழ 14,000 என்றது அரசுத் தரப்பு. 16,500-க்கும் மேல் என்றது உயர் நீதிமன்றத்தில் தாக்கலான மனு. அவற்றுள் மிகப் பெரிய பங்கு சரோஜினி நகரைச் சேர்ந்தது. நௌரோஜி நகரில் மரங்களின் பெரும்பகுதி, பொதுமக்கள் விழித்துக்கொள்வதற்கு முன்பே வீழ்ந்துவிட்டது.

2018 ஜூன் 24, ஞாயிற்றுக்கிழமை. நூற்றுக்கணக்கானோர் சரோஜினி நகரில் கூடினர். பள்ளி மாணவர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், இல்லத்தரசிகள், கைக்குழந்தையோடு வந்த பெற்றோர் எனப் பலதரப்பினரும் அதில் இருந்தனர். மரங்களைக் கட்டித் தழுவி நின்றார்கள்; அடிமரங்களில் கயிறு கட்டினார்கள். மறுநாளே, ஓர் எலும்பு மூட்டு மருத்துவர் தொடுத்திருந்த பொதுநல வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடைக்கு வழி செய்தது. இத்தனை மரங்களை இழக்கும் நிலையில் தில்லி இருக்கிறதா என்பதே நீதிபதிகள் எழுப்பிய கேள்வியின் சாரம். ஜூலை 2 அன்று தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் இருந்த நிலையே தொடர வேண்டும் என்று உத்தரவிட்டது. மரங்களைக் காக்கும் வகையில் வரைபடங்கள் மாற்றியமைக்கப்படும் என்று அமைச்சகம் அறிவித்தது.

மரத்தைத் தழுவி நிற்கும் இந்த வழக்கம் 1973-74இல் இமயமலைச் சரிவுகளில், இன்றைய உத்தராகண்டில் எழுந்த சிப்கோ இயக்கத்தின் வழி வந்தது என்பதை அனைவரும் அறிவர். அதற்கும் முந்திய வரலாறு ஒன்று உண்டு. 1730இல் ஜோத்பூருக்கு அருகிலுள்ள கேஜர்லி என்ற ஊரில், மன்னரின் ஆட்கள் மரம் வெட்ட வந்தபோது அமிர்தா தேவி என்ற பெண்மணி ஒரு மரத்தைத் தழுவி நின்று உயிர் துறந்தார். அவரையும் சேர்த்துப் பிஷ்னோய் சமூகத்தினர் 363 பேர் மாண்டனர். அவர்கள் காக்க முனைந்த மரம் வடக்கே கேஜ்ரி எனப்படுகிறது. நமக்கு அது அயல் மரமன்று. வன்னி என்று நாம் வழிபடும் மரமே அது. விருத்தாசலம் கோவிலின் தல விருட்சமும் வன்னியே. தில்லியின் வறண்ட மண்ணுக்கும் அது உரிய மரம் என்பதைப் பின்னால் மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

இனி கணக்குக்கு வருவோம். தில்லி மரப் பாதுகாப்புச் சட்டம் 1994ஆம் ஆண்டிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒரு மரத்தை வெட்ட அனுமதி பெற்றவர் அதற்கு ஈடாக மரக்கன்றுகள் நட வேண்டும். ஒன்றுக்குப் பத்து என்பது நடைமுறையில் உள்ள விகிதம். ஏட்டில் பார்த்தால் இதைவிட ஆதாயமான பரிமாற்றம் இருக்க முடியாது. ஒன்றைக் கொடுத்துப் பத்தைப் பெறுகிறோம். ஆனால் வரவு வைக்கப்பட்ட அந்தப் பத்து எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால் கணக்கு வேறாகிவிடுகிறது. 2014 முதல் 2017 வரையிலான காலத்தில் தில்லியில் ஈட்டு நடவாக 65,090 மரக்கன்றுகள் நடப்பட்டிருக்க வேண்டும். நடப்பட்டவை 21,048 மட்டுமே என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை பதிவு செய்தது. மூன்றில் இரண்டு பங்கு நிலுவை. வங்கியில் இப்படி ஒரு கடன் கணக்கு இருந்தால் அதற்கு என்ன பெயர் என்பதை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கன்று நடுவதற்குப் பதிலாக வளர்ந்த மரத்தையே வேரோடு பெயர்த்து வேறிடத்தில் நடலாம் என்ற கொள்கையைத் தில்லி அரசு 2020இல் கொண்டுவந்தது. பாதிக்கப்படும் மரங்களில் 80 விழுக்காட்டைப் பெயர்த்து நட வேண்டும். நட்டவற்றில் 80 விழுக்காடு பிழைக்க வேண்டும் என்பன விதிகள். முந்தைய மூன்றாண்டுகளில் பெயர்த்து நடப்பட்ட 16,461 மரங்களில் பிழைத்தவை மூன்றில் ஒரு பங்கே என்று அந்த அரசே 2022இல் உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது. இதில் வியப்புக்கு இடமில்லை. ஐம்பது ஆண்டுகள் வளர்ந்த வேம்பின் வேர்கள் அதன் கிளைப்பரப்பையும் தாண்டி ஓடியிருக்கும். பெயர்க்கும்போது அவற்றில் சிறு பகுதியே மண் கட்டியோடு சேர்ந்து வருகிறது. எஞ்சிய வேரால் அத்தனை பெரிய உடலுக்கு நீர் ஊட்ட முடிவதில்லை.

இந்த எண்கள் எவற்றிலும் இடம்பெறாத ஒன்றுதான் நம்மை உறுத்துகிறது. நட்ட பத்துக் கன்றுகளும் பிழைத்துவிட்டன என்றே கொள்வோம். அவை நிற்பது நகரின் விளிம்பிலோ யமுனைக் கரையிலோ ஒதுக்கப்பட்ட நிலத்தில். சரோஜினி நகரின் சாலையில் காலை ஏழு மணிக்குச் செய்தித்தாள் கட்டோடு செல்பவருக்கும், பகல் பன்னிரண்டு மணிக்குப் பால்பாக்கெட்டுகளோடு திரும்புபவருக்கும், இரவுக் காவல் முடிந்து வீடு திரும்பும் காவலாளிக்கும் அந்த மரங்களால் யாதொரு பயனும் இல்லை. இழந்தவர் ஒருவர், ஈடு பெற்றவர் வேறொருவர். மரங்களைத் தலை எண்ணிக் கணக்கிடுவதால் வரும் பிழை இது. சாலையோர மரத்தின் மதிப்பு அதன் எண்ணிக்கையில் இல்லை. எந்தச் சாலையில், எந்தப் பக்கத்தில், எத்தனை அடி இடைவெளியில், எத்தனை ஆண்டு வளர்ச்சியோடு நிற்கிறது என்பதில் இருக்கிறது. நிழல் இடம்பெயராச் சொத்து.

வெயிலில் மிதிவண்டி மிதிப்பவர் யார்? 1950களில் தில்லியில் மேற்கொள்ளப்பட்ட பயணங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மிதிவண்டியில் நிகழ்ந்தன. அரை நூற்றாண்டுக்குள் அது ஒற்றை இலக்க விழுக்காட்டுக்குச் சுருங்கிவிட்டது. அந்நாளில் அலுவலகக் கோப்பைக் கூடையில் வைத்துக்கொண்டு செயலகத்துக்குச் சென்ற எழுத்தரும் மிதிவண்டியில்தான் சென்றார். இன்று எஞ்சியிருப்போர் பெரும்பாலும் தோட்டக்காரர், காவலாளி, கட்டடத் தொழிலாளி, காய்கறி விற்பவர், வீட்டு வேலை செய்வோர் ஆகியோரே. பேருந்துக் கட்டணத்தையும் சேமிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள். குளிரூட்டிய ஊர்திக்குள் இருப்பவருக்கு நிழல் ஓர் அழகு. இவர்களுக்கு அது வேலைக்கு வேண்டிய கருவி.

இவர்களுக்காகத் தில்லி ஒருமுறை முயன்றதுண்டு. 2008 ஏப்ரலில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் நீளத்துக்கு விரைவுப் பேருந்துத் தடம் திறக்கப்பட்டது. தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் போக்குவரத்து ஆய்வாளர்கள் அதன் வடிவமைப்பில் பங்கு கொண்டிருந்தனர். நடுவே பேருந்துக்கும், ஓரத்தில் மிதிவண்டிக்கும் தனித் தடங்கள் அமைந்தன. கார் ஓட்டுவோரின் எதிர்ப்பு முதல் நாளிலிருந்தே கடுமையாக இருந்தது. மிதிவண்டித் தடத்தில் இருசக்கர ஊர்திகள் புகுந்தன. 2016இல் அத்தடம் அகற்றப்பட்டது. பேருந்துத் தடத்தின் நிறை குறைகளைப் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. அதோடு சேர்ந்து மிதிவண்டித் தடமும் போயிற்று என்பதைப் பற்றி எழுதியவர்கள் மிகச் சிலரே.

மிதிவண்டித் தடம் எந்த நாட்டிலும் தானாக அமைந்துவிடவில்லை. இன்று எடுத்துக்காட்டாகப் பேசப்படும் நெதர்லாந்திலும் 1970களின் தொடக்கத்தில் சாலைகள் கார்களுக்கே உரியவையாக இருந்தன. சாலை விபத்துகளில் குழந்தைகள் மாள்வதைக் கண்டு பெற்றோர் வீதிக்கு வந்த பிறகே நிலைமை மாறியது. நம் மாநிலத்தில் புதுக்கோட்டையின் கதை அதற்கு இணையானது. 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தின் ஒரு பகுதியாகப் பல்லாயிரக்கணக்கான கிராமப்புறப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசியவர்கள் சில மாதங்களில் ஓய்ந்துபோனார்கள். ஆனால் புதுக்கோட்டைப் பெண்களுக்கு வேண்டியிருந்தது துணிவும் ஒரு மிதிவண்டியும். சாலை ஏற்கெனவே காலியாக இருந்தது. தில்லியில் மிதிவண்டி இருக்கிறது, துணிவும் இருக்கிறது. சாலையில்தான் இடமில்லை.

தில்லிக்கு அண்டை நகரான குருகிராமில் மிதிவண்டிக்கும் மண்ணின் மரங்களுக்கும் ஒரே குடிமக்கள் குழு துணை நின்றது. அங்கே ‘ஐ ஆம் குர்கான்’ என்ற அமைப்பு, சுரங்கம் தோண்டிக் கைவிடப்பட்ட ஏறத்தாழ 380 ஏக்கர் ஆரவல்லி நிலத்தை 2010 முதல் மீட்டெடுக்கத் தொடங்கியது. அழகுக்காக அயல்நாட்டுச் செடிகளை நடவில்லை. ஆரவல்லிக் குன்றுகளுக்கே உரிய மரங்களின் விதைகளைத் தேடிச் சேகரித்து, தங்கள் நாற்றங்காலிலேயே வளர்த்து, பள்ளிப் பிள்ளைகளையும் நிறுவன ஊழியர்களையும் கொண்டு நட்டார்கள். இன்று அது ஆரவல்லிப் பல்லுயிர்ப் பூங்கா. அதே அமைப்பு, பெடல் யாத்ரி என்ற மிதிவண்டிக் குழுவோடும் வேறு சிலரோடும் சேர்ந்து 2013 நவம்பரில் ‘ராஹ்கிரி நாள்’ என்ற நிகழ்வைத் தொடங்கியது. ஞாயிறு காலைகளில் சில சாலைகளை ஊர்திகளுக்கு மூடிவிட்டு, நடப்போருக்கும் மிதிவண்டியில் வருவோருக்கும் குழந்தைகளுக்கும் திறந்துவிட்டார்கள். 2014 ஜூலையில் அது தில்லியின் கன்னாட் பிளேசுக்கும் வந்தது. ஞாயிறு காலையின் உற்சாகம் திங்கள் காலையின் நெரிசலைத் தொடவில்லை என்ற குறை அந்நிகழ்வின் மீது உண்டு. நமக்கும் அந்தக் குறை உண்டு. எனினும் சாலை என்பது ஊர்திக்கு மட்டும் உரியதன்று என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பு பல குடும்பங்களுக்கு அங்கேதான் முதன்முறையாகக் கிடைத்தது.

மண்ணுக்குரிய மரம் என்று சொல்லும்போது தில்லியில் ஒரு சிறு குழப்பம் எழுவதுண்டு. புதுதில்லியின் அகன்ற சாலைகளில் நாம் காணும் மரங்கள் இந்திய மரங்களே ஆயினும், எல்லாம் அந்த மண்ணுக்கு உரியவை அல்ல. நகரை அமைத்த ஆங்கிலேயர் ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும் மரங்களை விரும்பினர். ஜன்பத்தில் மருதமும் ராஜபாதையில் நாவலும் நட்டனர். இரண்டும் ஆற்றங்கரை மரங்கள். மருத நிலத்துக்கே பெயர் தந்த மரம் பாலை போன்ற கோடையைத் தாங்கித் தலைநகரின் நடுவே நிற்கிறது என்பது தமிழருக்குச் சற்று வேடிக்கையான செய்திதான். தில்லியின் இயற்கையான காடு வேறு. அது ஆரவல்லியின் கடைக்கோடியான ‘ரிட்ஜ்’ எனும் பாறை முகட்டில் வளர்ந்த வறண்ட முட்காடு. பிரதீப் கிருஷன் 2006இல் வெளியிட்ட ‘ட்ரீஸ் ஆஃப் தில்லி’ என்ற நூல் இந்த வேறுபாட்டைப் பொது வாசகருக்குத் தெளிவாக்கியது. மரங்களைப் பார்க்கும் பழக்கமே இல்லாதிருந்த பலரைக் கையில் நூலோடு சாலையில் அலைய வைத்த பெருமையும் அதற்கு உண்டு.

அந்த முகட்டுக்கு நேர்ந்தது நமக்கும் பழக்கமான கதை. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் அங்கே கொண்டுவந்து விதைக்கப்பட்ட விலாயதி கீகர் என்ற மரம் மற்றெல்லாவற்றையும் நெருக்கித் தள்ளிவிட்டது. விலாயதி என்றால் சீமை. ஆம், நம் இராமநாதபுரத்தையும் விருதுநகரையும் பிடித்துக்கொண்ட அதே சீமைக்கருவேலம்தான். ஏழிலைப்பாலையின் கதை வேறு வகை. விரைந்து வளர்கிறது, ஆடு மாடு கடிப்பதில்லை என்பதற்காகத் தில்லிச் சாலைகளில் அதை வரிசை வரிசையாக நட்டார்கள். ஐப்பசி மாத இரவுகளில் அதன் பூ மணம் தெருவையே மூச்சுத் திணற வைக்கிறது. ஒற்றை மரமாக நின்றால் இனிய மணம். நானூறு மரங்கள் ஒன்றாகப் பூத்தால் தாங்க முடிவதில்லை.

பிறகு எதை நடுவது? வன்னி, புரசு, வேம்பு, சரக்கொன்றை, புங்கம், அரசு, இலவு. தமிழ் வாசகர் இவற்றுள் ஒன்றையேனும் அறியாதிருக்க வாய்ப்பில்லை. புரசு என்பது வடக்கே டாக் அல்லது பலாஷ். சென்னையின் புரசைவாக்கத்துக்குப் பெயர் தந்த மரம் அதுவே என்பார்கள். மே மாத இறுதியில் வேறெந்தப் பச்சையும் வாடிக் கிடக்கும்போது தில்லிச் சாலைகளில் சரக்கொன்றை மஞ்சள் சரங்களாகத் தொங்குகிறது. எல்லா மரமும் எல்லாச் சாலைக்கும் பொருந்தாது. மிதிவண்டித் தடத்தின் மீது நிழல் விழ வேண்டுமானால் பரந்த கிளையும் உயர்ந்த அடிமரமும் வேண்டும். அதற்கு வேம்புக்கு இணை குறைவு. அரசும் ஆலும் குறுகிய நடைபாதையைப் பெயர்த்துவிடும். சந்திகளிலும் திடல்களிலும் நடத்தக்கவை. இலவின் கிளை உடையும் தன்மையது. வன்னி மெல்ல வளரும். ஆனால் வேரூன்றிவிட்டால் நீர் ஊற்றாமலே பிழைக்கும். இந்த நுட்பங்களை அறிந்து நடும் தோட்டக்காரருக்கும், ஒப்பந்தத்தில் குறித்த எண்ணிக்கையை முடிப்பதற்காக நடுபவருக்கும் உள்ள வேறுபாடு இருபது ஆண்டுகள் கழித்தே தெரியும்.

நட்டதும், நிற்பதும் பிழைக்க வேண்டுமே. தில்லியில் சாலையோர மரங்களுக்கு வாளைவிடப் பெரிய பகை சிமென்ட். நடைபாதை அமைக்கும்போது அடிமரத்தின் கழுத்துவரை கற்காரை பூசிவிடுகிறார்கள். மழைநீர் வேருக்குச் செல்வதில்லை. வேர் மூச்சுவிட இடமில்லை. சில ஆண்டுகளில் மரம் உள்ளுக்குள் நலிந்து, ஆடி மாதப் புயற்காற்றில் ஒரு நாள் கார் மீது சாய்கிறது. பிறகு மரத்தின் மீதே பழி விழுகிறது. இதற்கெதிராகக் குடிமக்கள் தொடுத்த வழக்கில், மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமென்ட் தளத்தை அகற்ற வேண்டும், ஆணி, பலகை, கம்பி முதலியவற்றை நீக்க வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. தென் தில்லியின் சர்வோதயா என்கிளேவ் குடியிருப்போர் அதற்கு முன்பே தங்கள் தெருக்களின் ஒவ்வொரு மரத்தையும் எண்ணி, அளந்து, எது எந்த நிலையில் இருக்கிறது என்று பதிவேடு தயாரித்திருந்தார்கள். பதிவேடு இருந்தால்தான் இழப்பைக் காட்ட முடியும். அது பெரிய செலவும் அன்று. அளவு நாடா ஒன்று, குறிப்பேடு ஒன்று, ஞாயிறு காலைகள் சில. சென்னையில் 2005இல் தொடங்கிய ‘நிழல்’ அமைப்பும் இதே பணிகளைச் செய்து வருகிறது. அடையாற்றங்கரையில், கோட்டூர்புரத்தில் அவர்கள் வளர்த்த மரப்பூங்கா இன்று ஒரு சிறு காடு. சென்னை மாநகராட்சி 2014இல் நடப்போருக்கும் மிதிவண்டிக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்று, போக்குவரத்துக்கான நிதியில் 60 விழுக்காட்டை அதற்கு ஒதுக்குவது என்று முடிவு செய்ததையும் இங்கே குறிப்பிட வேண்டும். கொள்கைக்கும் சென்னைச் சாலைக்கும் உள்ள தொலைவை வாசகர்கள் நேரில் அறிவார்கள்.

சரோஜினி நகர் இப்போது எப்படி இருக்கிறது? திட்டம் நிற்கவில்லை, மாற்றங்களோடு நடந்தேறி வருகிறது. 2025 ஜனவரியில் நௌரோஜி நகரின் உலக வர்த்தக மையமும், சரோஜினி நகரில் 28 கோபுரங்களில் 2,500-க்கும் மேற்பட்ட அரசு வீடுகளும் திறக்கப்பட்டன. பழைய இரண்டு மாடி வீடுகள் இருந்த இடத்தில் வானுயரக் கட்டடங்கள். 2018 ஆகஸ்டிலிருந்து மெட்ரோ இரயிலும் வருகிறது. ஒரு தெருவில் முதிர்ந்த வேம்புகள் அப்படியே இருக்கின்றன. அடுத்த தெருவில் இரும்புக் கூண்டுக்குள் முழங்கால் உயரக் கன்று நிற்கிறது. 2018இல் மரத்தைத் தழுவி நின்றவர்கள் வென்றார்களா தோற்றார்களா என்று கேட்டால் இரண்டையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர்கள் வராமலிருந்தால் முதல் தெருவும் இரண்டாம் தெருவைப் போலவே இருந்திருக்கும்.

கூடுதல் வீடுகள் என்றால் கூடுதல் கார்கள். அதே வேளையில், கூடுதல் வீடுகள் என்றால் கூடுதல் தோட்டக்காரர்களும் காவலாளிகளும் பணிப்பெண்களும். அவர்களில் பலர் மிதிவண்டியில் வருவார்கள். மெட்ரோ நிலையத்திலிருந்து வீட்டுக்கு உள்ள ஒரு கிலோமீட்டரைப் புதிதாகக் குடியேறிய அலுவலரும் மிதிவண்டியில் கடக்கக்கூடும், வழியில் நிழல் இருந்தால். புதிய உட்சாலைகள் இன்னும் இறுதி வடிவம் பெறாத இடங்களில் தடத்துக்கும் ஊர்திப் பாதைக்கும் நடுவே மர வரிசைக்கு மண் விட்டு வைப்பது இப்போது சுண்ணாம்புக்கோடு இழுக்கும் வேலை. தளம் போட்ட பின்பு செய்தால் அது நீதிமன்றத்துக்குப் போகும் வேலை. குடியிருப்போர் சங்கங்கள் கேட்டுப் பெறக்கூடிய எளிய சலுகை இதுவே. சங்கக் கூட்டங்களில் கார் நிறுத்துமிடம் பற்றிய விவாதம் இரண்டு மணி நேரம் நடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அதன் பின்பு ஐந்து நிமிடம் இதற்கும் ஒதுக்கலாம்.

தில்லியில் நடவுக்கு ஏற்ற காலம் ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள். பருவமழை மண்ணை இளக்கியிருக்கும். ஆனால் கன்றின் உயிர் முடிவாவது அப்போதன்று. அடுத்த ஏப்ரலிலும் மேயிலும்தான். முதல் இரண்டு கோடைகளில் வாரம் இருமுறையேனும் நீர் வேண்டும். தண்ணீர் லாரி வருவதற்காகக் காத்திராமல், தம் வீட்டு வாசலுக்கு எதிரே நிற்கும் கன்றுக்கு அரிசி கழுவிய நீரை ஊற்றிவிட்டு உள்ளே போகும் தமிழ்ப் பெண்மணிகள் அந்தக் குடியிருப்புகளில் எப்போதுமே இருந்திருக்கிறார்கள். அப்படி நீர் பெற்ற வேம்பு ஒன்று பத்தாவது ஆண்டில் சாலையின் பாதி அகலத்துக்கு நிழல் தரும். அதற்குள் அந்த வீட்டில் இருந்த குடும்பம் பணி மாற்றத்தில் வேறு ஊருக்குப் போயிருக்கும். அடிமரத்தில் இஸ்திரி மேசை போட்டிருப்பவரும், சங்கிலி கழன்ற மிதிவண்டியை ஓரங்கட்டிவிட்டு அங்கே சற்று நிற்பவரும் அதை நட்டவர் யார் என்று கேட்கப் போவதில்லை.